அலாரம் வைக்காத பத்து நாள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க நானும் அம்மாவும் உன் தம்பி பொண்டாட்டியும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கு. உன் பேச்சு வந்தா மட்டும் வலி கொஞ்சம் கூடும். அத்தானோட முதுகு எப்படி இருக்கு?

போன் இருக்கும்போது எதுக்குடா லெட்டர்னு கேப்பே. போன்ல நாம ரெண்டு பேரும் 'சாப்பிட்டியா'வைத் தாண்டினதே இல்ல. நீ ஷிஃப்ட் முடிஞ்சு வந்து 'ம்' போட ஆரம்பிச்சா, முழிச்சிருக்கியா தூங்கிட்டியான்னே தெரியாது. அதான் பேனாவை எடுத்துட்டேன்.

என் சிநேகிதன் கணீருக்குத் தொண்டையில கட்டி, அக்கா. கெட்ட கட்டி. ஆபரேஷன் பண்ணி குரல்வளையையே எடுத்துட்டாங்க. உயிருக்குப் பயமில்லையாம். ஆனா குரல் போனது போனதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். அந்தக் குரலுக்காகத்தானே அவனுக்கு அந்தப் பேரே வந்துச்சு!

லிஃப்ட் ரிப்பேர் வேலைல நாங்க எப்பவும் ஜோடி. நான் பெட்டி மேல நின்னு 'மேலே'ம்பேன். மெஷின் ரூம்ல இருந்து அவன் 'மேலே'ன்னு திருப்பிச் சொல்லுவான். திருப்பிச் சொன்ன பிறகுதான் பெட்டி நகரும். அது எங்க சட்டம். சத்தம் ஜாஸ்தியா இருந்தா ஸ்பேனரால இரும்புல தட்டுவோம். ஒரு தட்டுன்னா போ, ரெண்டு தட்டுன்னா நில். இத்தனை வருஷமா என் உயிர் அவன் தொண்டையிலதான் இருந்துச்சு.

ஆஸ்பத்திரில அவனைப் பார்த்துட்டு வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன். அப்பா ஞாபகம் வந்துச்சு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து பேக்கரிக்கு ஓடுவாரே, செருப்பு மாட்டும்போது சொல்வாரே: "ஒரு தடவை, எல்லாரும் ஒரே வீட்டுல, பத்து நாள், அலாரம் வைக்காம தூங்கணும்." ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம்னே சொல்லிட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். நாமும் அதையேதான் பண்றோம். இனிமே தள்ளிப் போட மாட்டேன். ஏரிக்கரையில ஒரு வீடு வாடகைக்கு விடறாங்களாம். ஆகஸ்ட்ல பத்து நாள். நீ லீவு போடு, காரணம் சொல்லாதே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தம்பி

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு படிச்சு நிம்மதி. அத்தானுக்கு முதுகு பரவாயில்ல, வாய்தான் வலிக்குதாம், என்கிட்ட பேசிப் பேசி.

கணீர் விஷயத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். நம்ம வீட்டு வாசல்ல நின்னு அவன் 'அக்கா'ன்னா பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பா. மெதுவாப் பேசுடா, இது வீடு, லிஃப்ட் குழி இல்லன்னு அம்மா எத்தனை தடவை திட்டியிருக்காங்க. இப்ப எப்படிச் சாப்பிடறான்? யார் பார்த்துக்கறாங்க? அவன் பொண்டாட்டி ஒத்தை ஆளாவா?

பத்து நாள் விஷயம். எனக்கு ஆசை இல்லன்னு நினைக்காதே. நான் ஹோட்டல் சலவைக் கூடத்துல நாள் பூரா படுக்கை விரிப்பு தேய்க்கிறவ. மதியம் வரைக்கும் தூங்கி எழுந்தவங்களோட விரிப்பு. சில சமயம் சூடு ஆறாம வரும். யாரோ தூங்கின சூடு. அதைக் கையில வாங்கும்போது எனக்குப் பொறாமையா இருக்கும், சிரிக்காதே.

அப்பா போன மறுநாள், தலையில ரெண்டு மணி வச்ச அவரோட அலாரம் கடிகாரம் அவர் எழுந்திரிக்கிற நேரத்துக்கு அடிச்சுதே, ஞாபகம் இருக்கா? நிறுத்தணும்னு யாருக்கும் தோணல. அம்மா எழுந்து போய் வெந்நீர் வச்சுட்டு, அடுப்பு முன்னாடி நின்னு அழுதாங்க. எனக்கு இன்னிக்கும் எந்த அலாரம் அடிச்சாலும் அந்த அடுப்புதான் கண்ணுல வருது.

லீவு கேட்டேன். ஞாயித்துக்கிழமைகள்ல வந்து ஈடு கட்டினா தரேன்னு மேனேஜர் சொல்றா. வரேன். வேற என்ன பண்ண.

கணீரைப் பத்தி விவரமா எழுது.

அக்கா

பிப்ரவரி 25

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். நீ வரேன்னு சொன்னதும் அம்மா முழங்கால் வலியை மறந்து அலமாரியைக் குடைய ஆரம்பிச்சுட்டாங்க.

ஏரி வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். மூணு அறை. ஜன்னலைத் திறந்தா தண்ணியாம். நான் லீவு சேர்க்க ரெண்டு ஷிஃப்ட் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டுறதுக்குள்ள தூங்கிடறேன், ஒரு கை சட்டைக்குள்ள, ஒரு கை வெளிய. ஓய்வெடுக்கிறதுக்கு இவ்வளவு உழைக்கணும்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அதான் தள்ளிப் போட்டிருக்கார்.

கணீருக்குப் பதிலா புதுசா ஒருத்தனைப் போட்டிருக்காங்க. நான் அவனுக்குத் தலையாட்டின்னு பேர் வச்சுட்டேன். என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவான். நான் குழிக்குள்ள இருட்டுல நிக்கிறேன், அவன் ஏழு மாடிக்கு மேல மெஷின் ரூம்ல நின்னு தலையை ஆட்டுறான்! எனக்கு எப்படித் தெரியும்? கேட்டா "ஆட்டினேனே"ங்கிறான். போன வாரம் நான் 'மேலே'ன்னு சொல்லிட்டுத் திருப்பிச் சொல்லுவான்னு காத்திருக்கேன், பெட்டி படக்குனு கிளம்பிடுச்சு. ஒண்ணும் ஆகல.

கணீர் நல்லா இருக்கான்.

தம்பி

மார்ச் 20

அன்புத் தம்பி,

நலமா? இங்க அத்தான் நலம். நான் நின்னுக்கிட்டுத் தூங்கக் கத்துக்கிட்டேன். ஞாயிறும் போறேன் இல்லையா, எந்தக் கிழமைன்னே தெரியல. தேய்க்கிற ரோலர்ல மணிக்கட்டு பட்டுக் கொப்புளம். பயப்படாதே, ஆறிடுச்சு.

நீ ஏழு மாடியைப் பத்தி எழுதினே, தலையாட்டியைப் பத்தி ஒரு பக்கம் எழுதினே. கணீர் நல்லா இருக்கான்னு ஒரு வரி. நல்லா இருக்கான்னா என்னடா? எழுந்து நடக்கிறானா? வாயால சாப்பிடறானா? நீ போனா எப்படிப் பேசிக்கறீங்க, எழுதிக் காட்டுறானா? நான் கேட்ட எதுக்கும் நீ பதில் சொல்லல. நீ சின்ன வயசுலயே அப்படித்தான். பரீட்சை எப்படின்னு கேட்டா மழை வருதும்பே.

ஏரி வீட்ல போர்வை தருவாங்களா, நாம கொண்டு போகணுமா? எடுத்துட்டு வரணும்னா துவைச்சுத் தேய்ச்சு வச்சிருங்க. அங்க வந்து நான் ஒரு துணியைக்கூடத் தொட மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

நலம். லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதே. வேலை அப்படி.

வீட்டுக்கு முன்பணம் கட்டியாச்சு. போர்வை அவங்களே தருவாங்க. அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் கட்டில் வேணுமாம்.

கணீரைப் பத்தியே கேக்கறே. அவன் வீடு ஊருக்கு அந்தக் கோடி. ரெண்டு ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு அங்க போய் வர நேரம் ஏது, சொல்லு? அவனைப் பார்த்துத்தானே நான் இதையெல்லாம் ஆரம்பிச்சேன். அவனை மறந்துட்டேன்னு நினைக்கிறியா? தினம் நினைக்கிறேன். போதுமா?

அம்மா உன் மணிக்கட்டுக்கு மருந்து போடச் சொன்னாங்க.

தம்பி

ஏப்ரல் 30

அன்பான கணீருக்கு,

நான் அக்கா எழுதறேன். உன் விலாசம் அம்மாகிட்ட வாங்கினேன், உன் சிநேகிதனுக்குத் தெரியாது.

உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறதுக்கே வெக்கமா இருக்கு, இவ்வளவு நாள் கழிச்சு. அவன்கிட்ட கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சுடா. நீயே சொல்லு. உன் பொண்டாட்டி எப்படி இருக்கா? எழுத முடியலன்னா விட்டுடு, சிரமப்பட்டு எழுதாதே.

உன்னைத் திட்டவும் பாசம் காட்டவும் உரிமை உள்ள,
அக்கா

மே 16

அக்காவுக்கு வணக்கம்.

நீங்க எழுதினதைப் பார்த்ததும் வாசல்ல நின்னு 'அக்கா'ன்னு கத்தணும் போல இருந்துச்சு. வாயைத் திறந்தேன். காத்துதான் வந்துச்சு, அதுவும் கழுத்து வழியா.

உடம்பைப் பத்திச் சொல்றேன், முகம் சுளிக்காதீங்க. கழுத்துல ஒரு துளை, அது வழியா மூச்சு. கதிர்வீச்சு குடுத்ததுல முழுங்க முடியல, வயித்துல ஒரு குழாய் வச்சு அது வழியா சாப்பாடு. பாலாடையில பால் குடிக்கிற குழந்தை மாதிரி நேரத்துக்கு நேரம். ராத்திரியும் எழுந்து சளி எடுக்கணும், இல்லன்னா மூச்சு அடைச்சுக்கும். என் பொண்டாட்டிதான் அலாரம் வச்சு எழுந்துக்கறா. வீட்ல மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, ஸ்கூல் மாதிரி. பகல்ல நின்ன இடத்துலயே கண்ணை மூடிக்கறா. நான் பார்க்கிறது அவளுக்குத் தெரியாது.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? ஆரம்பத்துல எல்லாரும் வந்தாங்க. ஒவ்வொருத்தனும் என்னைப் பார்த்து, கண் கலங்கி, வாழ்க்கை இவ்வளவுதான்பான்னு சொல்லிட்டுப் போனான். ஸ்டோர் கீப்பர் அம்பத்தஞ்சு வயசுல நீச்சல் கத்துக்கறானாம். சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட போய் சமாதானம் ஆயிட்டானாம். உங்க தம்பி ஏரிக்கரைல வீடு பிடிச்சிருக்கானாம். என்னைப் பார்த்துட்டுப் போனவன் எல்லாம் வாழ ஆரம்பிச்சுட்டான் அக்கா. ஒருத்தனும் திரும்பி வரல.

அவன் மேல எனக்குக் கோபம் இல்ல.

மேல எழுதினதை அடிக்கலாம்னு பார்த்தேன், அடிக்கல. பொய்தான் அது. நிறைய கோபம் இருக்கு. அவன் வந்து அழ வேண்டாம். வேலையைப் பத்திப் புலம்பினா போதும். புதுசா வந்த ஆள் திருப்பிச் சொல்றானா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்.

இதையெல்லாம் அவன்கிட்ட சொல்லிடாதீங்க. கூப்பிட்டு வந்தான்னா அது வேற, தானா வந்தான்னா அது வேற. அத்தானைக் கேட்டேன்னு சொல்லுங்க.

கணீர் (பேருக்கு மட்டும்)

மே 28

தம்பிக்கு,

நாங்க நலம். நீ எப்படி இருக்கேன்னு நான் கேக்கப் போறதில்ல.

கணீருக்கு எழுதினேன். அவன் பதில் போட்டான். என்ன எழுதினான்னு சொல்ல மாட்டேன்னு வாக்கு. ஆனா நான் சொல்ல வேண்டியதை யாரும் தடுக்க முடியாது.

அப்பா அந்தப் பத்து நாளைக் கேட்டது தூக்கத்துக்காக மட்டும் இல்லடா. எல்லாரும் ஒரே வீட்டுலன்னு முதல்ல சொல்வார், தூக்கம் அப்புறம்தான். நீ அவரோட பேச்சுல பின்பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டே. அவனுக்கு வந்ததைப் பார்த்துப் பயந்து, அவனை அங்கயே விட்டுட்டு ஓடி வந்து, அந்த ஓட்டத்துக்கு அப்பா பேரை வச்சுட்டே. நானும் விவரம் தெரியாம உன்கூட ஓடினேன், ஞாயித்துக்கிழமையெல்லாம்.

அவனைப் போய்ப் பாரு. பார்த்த பிறகு எனக்கு எழுது. அது வரைக்கும் எழுதாதே.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம். உனக்குக் கோபம் தணிஞ்சிருக்கும்னு நம்பி எழுதறேன். தணியலன்னாலும் படி.

உன் லெட்டர் வந்து ரொம்ப நாள் நான் போகல. சட்டைப் பையில வச்சுக்கிட்டே சுத்தினேன். பயம்தான் அக்கா, நீ சொன்னது சரி. செத்துடுவான்னு பயம் இல்ல. நான் ஒண்ணு சொல்லுவேன், அவன்கிட்ட இருந்து திருப்பி ஒண்ணும் வராது, அந்த இடத்துல நான் நிக்கணுமேன்னு பயம். குழிக்குள்ள அப்படி நின்னா என்ன ஆகும்னு தெரிஞ்சவன் நான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். அவன் வீட்டுக்காரி கதவைத் திறந்து "வாங்க அண்ணா"ன்னா. இத்தனை நாள் எங்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருக்கலாம். கணீர் ஜன்னல் ஓரமா நாற்காலில இருந்தான். பாதியா இளைச்சுட்டான். கழுத்தைச் சுத்தித் துணி. பக்கத்துல எழுதுற பலகை இருந்துச்சு, எடுக்கல. நான் "வேலை ஜாஸ்திடா"ன்னேன். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டான். கிளம்பிடலாமான்னுகூடத் தோணிச்சு.

அப்ப அவன் டம்ளர்ல கிடந்த ஸ்பூனை எடுத்து ஜன்னல் கம்பியில ஒரு தட்டு தட்டினான்.

ஒரு தட்டு. போ.

பேச ஆரம்பிச்சேன் அக்கா. தலையாட்டியைப் பத்திச் சொன்னேன். பெட்டி படக்குனு கிளம்பினதைச் சொன்னேன். கணீர் நாற்காலில நிமிர்ந்து உக்காந்துட்டான். பலகையை எடுத்து, 'அவனைக் கூட்டிட்டு வா, நான் பார்த்துக்கறேன்'னு எழுதினான். நீ என்னடா பண்ணுவே, திட்டக்கூட முடியாதேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். சிரிச்சான். சத்தமே இல்லாம தோள் ரெண்டும் குலுங்குது. எனக்கு அழுகை வந்துடுச்சு.

அப்ப அலாரம் அடிச்சுது. அவன் பொண்டாட்டி சுவர்ல சாஞ்ச வாக்குல தூங்கிட்டு இருந்தா. கண்ணைத் திறக்கிறதுக்கு முன்னாடி கை போய் மணியை நிறுத்துது. எழுந்து குழாயில சாப்பாடு குடுத்தா, கழுத்தைத் துடைச்சா, மறுபடி அலாரம் வச்சா. எவ்வளவு நாளாம்மா இப்படின்னு கேட்டேன். "யாரு அண்ணா எண்ணுறது?"ன்னா.

அதுக்கப்புறம் ரெண்டாவது ஷிஃப்டை விட்டுட்டு தினம் போறேன். எல்லாம் கத்துக்கிட்டேன், குழாய், சளி, துணி மாத்தறது. உன் தம்பி பொண்டாட்டி என்னைவிட நல்லாப் பண்றா.

இப்ப விஷயத்துக்கு வரேன். அவங்க ரெண்டு பேரையும் ஏரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். பார்த்துக்கத் தெரிஞ்ச ஆள் கூட இருந்தா போகலாம்னுட்டார். கணீர் முடியாதுங்கறான். 'நீங்க தூங்கப் போறீங்க, நான் வந்தா மணி அடிக்கும்'னு எழுதறான். நிஜம்தான். அடிக்கும். ராத்திரி பகல்னு அடிக்கும். நீ எத்தனை ஞாயித்துக்கிழமை நின்னு சம்பாதிச்ச தூக்கம் அது. உன்கிட்ட கேக்காம நான் நகர முடியாது.

அதனால சொல்றேன், கேட்டுக்கோ: ஏரி வீடு. எல்லாரும். அவங்க ரெண்டு பேரும். அலாரம் நம்ம கையில, அவ கையில இல்ல.

திருப்பிச் சொல்லு.

தம்பி

ஜூலை 15

அன்புத் தம்பி,

அத்தானும் நானும் நலம். அம்மாவை வெறும் தரையில கால் வைக்க விடாதே.

உன் லெட்டரைப் படிச்சுட்டு முதல்ல எரிச்சல்தான் வந்துச்சு, மறைக்க மாட்டேன். எனக்கு அந்தப் பத்து நாள் வேணும்டா. விரிப்பு தேய்ச்சுத் தேய்ச்சு, இதுல நானும் ஒரு நாள் மதியம் வரைக்கும் படுத்துக் கிடப்பேன்னு நினைச்சு நினைச்சுத்தான் இந்த வருஷத்தை ஓட்டினேன். ரெண்டு நாள் பதில் எழுதல. மூணாம் நாள் சலவைக் கூடத்துல ஒரு விரிப்பு வந்துச்சு. மடிப்புக்கூடக் கலையல. அந்த அறைல யாரோ ராத்திரி முழுக்க உக்காந்தே இருந்திருக்காங்க. எனக்குக் கணீர் பொண்டாட்டி ஞாபகம்தான் வந்துச்சு, சுவர்ல சாஞ்சுக்கிட்டு.

எனக்கு வருத்தம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

ஏரி வீடு. எல்லாரும். அவங்க ரெண்டு பேரும். அலாரம் நம்ம கையில.

விடியற்காலை முறை எனக்கு. எப்படியும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடும், அப்பா பொண்ணு இல்லையா. கடிகாரத்துக்கு அம்மாவைச் சாவி குடுத்து வைக்கச் சொல்லு, அப்பாவோட அதே கடிகாரம்.

அக்கா

ஆகஸ்ட் 27

அன்புத் தம்பிக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தோம். அத்தானுக்கு பஸ்ல மறுபடி முதுகு பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் நலம்னு நினைக்கிறேன். கணீர் ரெண்டு வாய் தண்ணி முழுங்கினான்னு அம்மா போன்ல சொன்னாங்க. 'ம்' போடாம முழுசாக் கேட்டேன்.

போகும்போது இருந்ததைவிட அதிகக் களைப்போட திரும்பி வந்திருக்கேன். மேனேஜர் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, லீவுல என்ன பண்ணினேன்னு கேட்டா. தூங்கினேன்னு சொல்லி வச்சேன்.

ஒண்ணு உனக்குச் சொல்லணும். நீ அப்ப ஹால்ல வாயைப் பிளந்துட்டுத் தூங்கிட்டிருந்தே, அதனால உனக்குத் தெரியாது.

முதல் நாள் விடியற்காலை. அப்பா கடிகாரம் அடிச்சுது. நான் ஓடிப் போய் அமுக்கினேன். அம்மா பின்னாலயே வந்து வெந்நீர் வைக்கப் போனாங்க. இந்தத் தடவை அழல, கணீரோட சாப்பாட்டு பாட்டிலைக் கழுவணும் இல்லையா. கணீர் முழிச்சுத்தான் இருந்தான். நான் குழாயை எடுத்தேன். பக்கத்துக் கட்டில்ல இருந்து அவன் பொண்டாட்டி திடுக்குனு எழுந்து உக்காந்துட்டா. கண்ணு திறக்கல. கை மட்டும் தலையணைப் பக்கம் கடிகாரத்தைத் தேடுது, தேடுது. இல்லன்னதும் பதறிக் காலைக் கீழ வைக்கப் போனா.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கணீர் கையை நீட்டி அவ கட்டில் சட்டத்துல விரல் முட்டியால தட்டினான். ரெண்டு தட்டு.

உங்க பாஷையை அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்களோ, எனக்குத் தெரியாது. கால் அப்படியே நின்னுச்சு. மெதுவாப் படுத்தா. மதியம் வரைக்கும் எழுந்திருக்கல. கணீர் அவளையே பார்த்துக்கிட்டு இருந்தான். நாங்க சமையல்கட்டுல தட்டைக்கூடச் சத்தமில்லாம வச்சோம்.

நாளைக்கு எனக்கு முதல் ஷிஃப்ட். அலாரம் வச்சுட்டேன்.

அக்கா